முதல் வீடு, முதல் வின்டர்: சலுகைக் காசில் ஜன்னல் மாற்றலாமா?

2024 ஒக்டோபர் 6, கேள்வி

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஏஜக்ஸில் வீடு எடுத்திருக்கிறோம். 1974 இல் கட்டிய செமி, பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் சேர்ந்தது, விலை 780,000. ஒக்டோபர் 30 குளோசிங், அன்றுதான் வீடு கைமாறும். எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் வீடு. முதல் வீடு என்பதால் அரசாங்கம் பத்தாயிரம் டொலருக்குக் குறையாமல் திருப்பித் தரும், அந்தக் காசில் ஜன்னல்களை எல்லாம் மாற்றினால் வீடு வின்டருக்குத் தயார் என்று ஏஜென்ட் சொல்கிறார். கையில் இருப்பதை முழுக்க டவுன்பேமென்டில் போட்டுவிட்டு இதை நம்பி இருக்கலாமா?

2024 ஒக்டோபர் 6, இரவு, பதில்

நம்ப வேண்டாம் தம்பி. காசு வரும், ஆனால் குளிருக்கு முதல் வராது.

ஏஜென்ட் சொன்ன பத்தாயிரத்தைப் பிரித்துப் பாருங்கள். வீடு வாங்கும்போது ஒன்டாரியோ மாகாணத்துக்குக் கட்டும் லேண்ட் ட்ரான்ஸ்ஃபர் டாக்ஸ் உங்கள் விலைக்கு 12,075 டொலர். முதல் வீட்டுக்காரருக்கு அதில் 4,000 வரை விட்டுக்கொடுப்பார்கள். அதை லோயர் குளோசிங் அன்றே கழித்துக்கொள்வார். கையில் எதுவும் வராது, 12,075 கட்ட வேண்டிய இடத்தில் 8,075 கட்டுவீர்கள். அவ்வளவுதான். அடுத்தது முதல் வீட்டுக்கான வரிக்கழிவு. 2024 இல் வாங்குபவருக்கு 10,000 இல் 15 சதவீதம், ஆக 1,500. அது வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று அல்ல. அதுவும் அடுத்த ஏப்ரலில் டாக்ஸ் செய்யும்போதுதான் தெரியும். கட்ட வேண்டிய வரி இருந்தால்தான் அதைக் குறைக்கும், வரியே இல்லாதவருக்குக் காசாகக் கொடுக்க மாட்டார்கள்.

மிச்சத்தை ஏஜென்ட் எங்கிருந்து பிடித்தார் என்று யோசித்தேன். எஃப்எச்எஸ்ஏ கணக்காக இருக்கும். அதை நாளை எழுதுகிறேன், பிள்ளைக்கு நாளைக்குக் கணிதப் பரீட்சை.

ஜன்னல் விஷயம் வேறு கதை. எங்கள் வீடு ஸ்காபரோவில், 1958 இல் கட்டிய பங்களோ, 2023 ஓகஸ்டில் எடுத்தோம். முதல் வின்டரில் நானும் எல்லாவற்றுக்கும் ஜன்னலைத்தான் திட்டினேன்.

2024 ஒக்டோபர் 7

இது அவசரம், இன்றே வாசியுங்கள்.

எஃப்எச்எஸ்ஏ என்ற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு 2023 ஏப்ரலில் வந்தது. வருடம் 8,000, ஆயுளுக்கு 40,000. போடும்போது ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்ஆர்எஸ்பி போல வருமானத்திலிருந்து கழியும், வீடு வாங்க எடுக்கும்போது வரி இல்லை. பலருக்குத் தெரியாத விஷயம், இதில் போட்ட காசு இத்தனை நாள் கிடக்க வேண்டும் என்று விதி இல்லை. 90 நாள் விதி ஆர்ஆர்எஸ்பிக்குத்தான். டவுன்பேமென்டுக்கு வைத்திருக்கும் காசிலிருந்து நீங்கள் 8,000, மனைவி 8,000 என்று இந்தக் கணக்குகளில் போட்டு, வங்கி விடுவித்ததும் அதே காசை வீட்டுக்கு எடுக்கலாம். 30 சதவீத வரித் தட்டில் இருந்தால் இருவருக்குமாக ஏறக்குறைய 4,800 குறையும்.

எடுத்த பிறகு போடும் காசுக்குக் கழிவு கிடையாது, ஆகவே வரிசையை மாற்றிவிடாதீர்கள். கணக்கைத் திறக்கவும் காசு நிற்கவும் வங்கிக்கு எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு ஓடுங்கள், உங்களுக்கு இருப்பது மூன்று கிழமை. வங்கியில் இருக்கும் பிள்ளை "இப்போது திறந்து என்ன பிரயோசனம்" என்று கேட்டால் திறந்து தரும்படி மட்டும் சொல்லுங்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

2024 ஒக்டோபர் 9

மேலே ஒரு அக்கா, "முதல் வீடு என்பதற்கு எல்லா இடத்திலும் ஒரே அர்த்தமா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை அக்கா. அதில்தான் எனக்கு 8,475 டொலர் போனது.

மத்திய அரசு பார்ப்பது இந்த வருடமும் முந்தைய நான்கு வருடங்களும். அந்தக் காலத்தில் உங்களுக்கோ துணைக்கோ சொந்தமான வீட்டில் நீங்கள் குடியிருந்தீர்களா என்பதுதான் கேள்வி. ஒன்டாரியோவின் கேள்வி வேறு. உலகத்தில் எங்கேயாவது, எப்போதாவது உங்கள் பெயரில் வீடோ வீட்டில் பங்கோ இருந்ததா? திருமணமான பிறகு துணையின் பெயரில் இருந்ததா? இருந்தால் இருவருக்குமே தள்ளுபடி இல்லை. ரொறன்ரோ நகரமும் அதே பாதைதான்.

இனி எங்கள் கதை. கலியாணத்தின்போது மாமி யாழ்ப்பாணம் கோப்பாயில் இருக்கும் வீட்டை மனைவியின் பெயரில் எழுதினார். சீதன வீடு. நாங்கள் அதில் ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை. பெரியம்மா இருக்கிறார், கிணற்றடியில் ஒரு மாமரம் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை ஓடு மாற்ற நாங்கள் காசு அனுப்புகிறோம். லோயர் படிவத்தை வாசித்து, "உலகத்தில் எங்காவது" என்றதும் நான் மனைவியைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு பலர் புத்தி சொன்னார்கள். சத்தியக்கூற்றில் பொய்க் கையெழுத்துப் போடும் வயது எனக்கு இல்லை.

எங்கள் வீடு 870,000. ஒன்டாரியோவுக்கு 13,875, ரொறன்ரோவுக்கு இன்னொரு 13,875. மாகாணத்தின் 4,000மும் நகரத்தின் 4,475மும் கிடைத்திருந்தால் சுமை கொஞ்சம் குறைந்திருக்கும். நீங்கள் ஏஜக்ஸ் என்பதால் நகர வரியிலிருந்து தப்பினீர்கள், ரூஜ் ஆற்றைத் தாண்டினால் அது இல்லை. ஊரில் யாருடைய காணி உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றே மாமியிடம் கேளுங்கள். அக்கா, உங்களுக்கும் அதே பதில்.

2024 ஒக்டோபர் 10

"மாமியிடம் கேட்டேன், என்னைச் சந்தேகிக்கிறீர்களா என்று கோபித்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வரித் திணைக்களத்தின் மேல் பழியைப் போடுங்கள்.

2024 ஒக்டோபர் 20

இன்று கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்தோம். தமிழ் வீட்டில் வின்டர் வேலை இதிலிருந்துதான் தொடங்குகிறது, மிச்சம் எல்லாம் பிறகு.

போன வருடம் அதை வடக்கு ஜன்னலடியில் வைத்தேன். டிசம்பரில் ஒரு பக்கத்து இலை மட்டும் கொட்டியது. பூச்சி என்று மஞ்சள் தண்ணீர் எல்லாம் தெளித்துப் பார்த்தேன். ஒரு நாள் சாமிக்குக் கொளுத்திய ஊதுவத்தியை அந்தப் பக்கம் கொண்டுபோனபோது புகை நேராக எழும்பாமல் அறைக்குள் படுத்தது. கண்ணாடியில் ஒரு பிழையும் இல்லை. ஜன்னலைச் சுற்றி அடித்திருக்கும் மரச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நகம் போகும் இடைவெளி, அதற்குள்ளால் வெளிக்காற்று வருகிறது. இடைவெளி அடைக்கும் பசை, ஏழு டொலர் கோல்க் ட்யூப் ஒன்றில் அது முடிந்தது. இலை திரும்ப வந்தது.

அன்றிலிருந்து ஊதுவத்தியோடு வீடு முழுக்கச் சுற்றினேன். காற்று வந்த இடங்கள்: வெளிச்சுவரில் இருக்கும் பிளக் பெட்டிகள், கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் ஏறும் மூடி, முன்கதவின் அடி, தபால் துவாரம். எல்லாவற்றையும் விட மோசம் பேஸ்மென்டில், அத்திவாரச் சுவரின் மேல் மரச்சட்டம் உட்காரும் இடம். அங்கே கையை வைத்தால் குளிர்பெட்டியைத் திறந்தது போல. பிளக் பெட்டிக்கு மெல்லிய ஃபோம் தகடு, கதவுக்கு ரப்பர் பட்டி, மரச்சட்டத்துக்கு ஸ்ப்ரே ஃபோம். வீடு முழுவதற்கும் 140 டொலருக்குள் முடிந்தது. இரண்டு சனிக்கிழமை.

தம்பி, ஜன்னல் கணக்கை எடுத்து வைத்துவிட்டு ஒரு கட்டு ஊதுவத்தி வாங்குங்கள்.

2024 ஒக்டோபர் 21

நேற்றையதில் ஒன்று விட்டுவிட்டேன். சும்மா சுற்றினால் பாதி ஓட்டைதான் தெரியும். குளியலறை விசிறி, சமையல் புகைவிசிறி எல்லாவற்றையும் போட்டு, ஜன்னல்களை இறுக்கிப் பூட்டிவிட்டுச் சுற்றுங்கள். வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்தால் வெளிக்காற்று ஒளிந்திருக்கும் ஓட்டையெல்லாம் தேடி வரும். ஆனால் காஸ் வாட்டர் ஹீட்டரோ வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸோ புகைபோக்கியில் விடும் பழைய வகை என்றால் முதலில் அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் புகையும் உள்ளே இழுபடும். வீட்டுச் சூடு எங்கே வீணாகிறது என்று அளக்கும் எனர்ஜி ஆடிட் செய்ய வருபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், முன்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்துக்கு இழுத்து அளப்பார்கள்.

வெளிப்பக்கக் கோல்க் அடிப்பதென்றால் இப்போதே அடியுங்கள். அநேகமானவை 5 பாகைக்குக் கீழே ஒட்டாது, ட்யூபில் எழுதியிருக்கும்.

2024 நவம்பர் 3

சாவி கிடைத்ததற்கு வாழ்த்து. பால் காய்ச்சிய படம் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் தெரியும் சுவரில் ஈரம், அதைப் பிறகு கதைப்போம்.

இன்று மணிக்கூட்டைப் பின்னுக்கு வைக்கும் நாள், அதோடு சேர்த்து வெளித் தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். முதலில் ஹோஸைக் கழற்ற வேண்டும், அதற்குள் தண்ணீர் நின்றால் மிச்சம் எல்லாம் வீண். பேஸ்மென்டில் அந்தக் குழாய்க்குப் போகும் வால்வை மூடிவிட்டு, வெளியே குழாயைத் திறந்தே விடுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் சின்ன மூடி இருந்தால் அதையும் திருகி மிச்சத் தண்ணீரை ஒரு பேசினில் பிடியுங்கள்.

ஃபேர்னஸ் ஃபில்டரையும் பாருங்கள். பழைய வீட்டுக்காரர் விட்டுப் போனது எங்களிடம் சாம்பல் நிறக் கம்பளி போல இருந்தது.

2024 நவம்பர் 5

செங்கல் வீட்டின் ஓட்டைகளை எல்லாம் அடைத்து முடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் என்றால்? சுவரின் அடிவரிசையில், இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து இல்லாமல் இடைவெளி விட்டு விட்டுத் துளைகள் இருக்கும். அவை தெரியாமல் விட்டவை அல்ல. கல்லுக்குப் பின்னால் இறங்கும் தண்ணீர் வெளியேற வைத்தவை. அடைத்திருந்தால் தோண்டி எடுங்கள்.

இன்னொன்று, ஃபேர்னஸ் அறையில் வெளியிலிருந்து வரும் ஒரு பருத்த குழாய் சும்மா குளிர் காற்றைக் கொட்டிக்கொண்டிருந்தால் அதையும் அடைக்கக் கூடாது. நெருப்பு எரியக் காற்று வேண்டும், அது வரும் வழி அதுதான். என் நண்பர் ஒருவர் பழைய சாரத்தைச் சுருட்டி அதற்குள் அடைத்து, அறை சூடாகிவிட்டது என்று பெருமைப்பட்டார். கார்பன் மொனொக்சைட் அலாரம் கத்தியபோது பற்றரி பழுது என்று அதைக் கழற்றினார். மனைவி திட்டித் திரும்ப மாட்டவைத்தார், அது திரும்பவும் கத்தியது. ஆள் இப்போது நன்றாக இருக்கிறார், அந்தச் சாரத்தின் கதையை மட்டும் யாரும் மறக்க விடுவதில்லை.

2024 நவம்பர் 17

அட்டிக்.

போன வருடம் இதே நாட்களில் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். நாலு அங்குலப் பழைய கண்ணாடிக் கம்பளி, அதுவும் இடையிடையே எலி மிதித்தது போல. இன்றைய கணக்குக்குக் குளிர்காப்பு அளவு ஆர்-60 வேண்டும், ஊதி நிரப்பும் செல்லுலோஸ் என்றால் பதினாறு, பதினேழு அங்குலம். மூன்று பேரிடம் விலை கேட்டு, 2,400க்கு ஒருவரைப் பிடித்து, அடுத்த கிழமையே செய்வித்தேன். வீட்டில் நான் செய்த வேலைகளில் காசுக்கு அதிகம் திருப்பித் தந்தது அதுதான். ஜனவரி காஸ் பில் பக்கத்து வீட்டுக்காரரதை விட எழுபது டொலர் குறைவு. அவர் வீடும் அதே வருடம், அதே அளவு.

இனித்தான் வயிற்றெரிச்சல். அப்போது கனடா கிரீனர் ஹோம்ஸ் மானியம் நடந்துகொண்டிருந்தது. 2021 இல் தொடங்கியது, 5,000 வரை கொடுத்தார்கள், ஆடிட் செலவுக்குத் தனியாக 600 வரை. ஆனால் வேலைக்கு முதல் எனர்ஜி அட்வைசர் வந்து அளந்திருக்க வேண்டும். முதலில் அளப்பு, பிறகு வேலை, பிறகு திரும்ப அளப்பு. நான் வேலையை முடித்துவிட்டுப் போன் பண்ணினேன். "ஏற்கெனவே போட்டதை நாங்கள் எப்படி அளப்பது?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். மறு வருடம் பெப்ரவரியில் புதிய விண்ணப்பங்களையும் மூடிவிட்டார்கள்.

ஆக, சீதன வீட்டில் 8,475, எஃப்எச்எஸ்ஏயில் தலையாட்டியது, அட்டிக்கில் அவசரப்பட்டது. இந்த இழையில் நான் புத்தி சொல்லும் தகுதி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

2024 நவம்பர் 18

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு யாரும் அட்டிக்கில் ஏறிக் கிளற வேண்டாம். பழைய கம்பளி இருக்கும் இடத்தில், மினுங்கும் சின்னக் கூழாங்கல் போல சாம்பலும் பொன்னிறமும் கலந்து கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட். பழைய வீடுகளில் அதில், மூச்சில் போனால் ஆபத்தான அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். தொடாமல் மூடியைப் போட்டுவிட்டுச் சோதிக்கக் கொடுங்கள்.

குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா, அட்டிக்குக்குள்ளேயே முடிகிறதா என்பதையும் மூடியடியில் நின்று டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் உள்ளேயே முடிந்தது. அறுபது வருடமாகக் குளித்த ஆவியெல்லாம் பலகையில் உறைந்து உருகியிருக்கிறது.

2024 டிசம்பர் 1

"உள்ளுக்குள் கண்ணாடி எல்லாம் தண்ணீர் ஓடுகிறது, ஜன்னல் பழுதுதானே, இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள்" என்கிறீர்கள்.

ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈரப்பதம் எவ்வளவு? பதினைந்து டொலருக்கு மீட்டர் வாங்கி வையுங்கள். வெளியே மைனஸ் 20 என்றால் உள்ளே 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எங்கள் வீட்டில் முதல் வின்டரில் 55. எப்படி வராது? காலையில் புட்டு அவிக்கிறோம், மத்தியானம் சோறு, மூன்று அடுப்பிலும் கறி, இரவு இடியப்பம். பேஸ்மென்டில் துணி காய்கிறது. இந்த நாட்டு ஜன்னல் செய்தவன் புட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியைக் கண்டானா? ஆவி எங்கே போகும், ஆகக் குளிரான இடத்தில் போய் உட்காரும். அது கண்ணாடி. உங்கள் அடுப்புக்குப் பின்னால் தெரிந்த ஈரமும் அதேதான்.

சமைக்கும்போதும், முடிந்து ஒரு கால் மணிநேரமும் புகைவிசிறி ஓடட்டும். சூடும் சேர்ந்து வெளியே போகும்தான், பூஞ்சணத்துக்கு அது மலிவு. ஃபேர்னஸில் ஹியூமிடிஃபயர் பூட்டியிருந்தால் அதைக் குறையுங்கள். எங்களுடையதில் பழைய வீட்டுக்காரர் உச்சத்தில் விட்டிருந்தார், அவர்கள் அவ்வளவு சமைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்றை நான் திருத்த வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பனிப்படலம் இருந்தால் அந்த ஜன்னலின் அடைப்பு போய்விட்டது, அதைத் துடைக்க முடியாது. அப்போதும் சட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். எனக்கு ஒன்பது ஜன்னலுக்கு 14,000 சொன்னார்கள். இரண்டு கண்ணாடி மட்டும் மாற்றினேன், மிச்சத்துக்கு உள்ளே பிளாஸ்டிக் படலம் ஒட்டி ஹெயார் ட்ரையரால் சூடு காட்டினேன். முழுக்கச் சுருங்கி மேளத்தோல் போல நின்றது. இளைய மகன் அதில் தாளம் போட்டு ஒன்றைக் கிழித்தான்.

2024 டிசம்பர் 12

ஊருக்குப் போகிறவர்கள் கவனம். வின்டரில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் போனால், குழாய் உறைந்து வெடித்த சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் காசு தராமல் விடலாம். நான்கு நாளுக்கு மேல் இல்லாவிட்டால் ஒருவர் தினமும் வந்து பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடி குழாய்களைக் காலி செய்ய வேண்டும் என்று பல பொலிசிகளில் இருக்கிறது. உங்கள் பொலிசியை எடுத்து வாசியுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் மச்சானிடம் "இடைக்கிடை எட்டிப் பார்" என்பது போதாது. கூரை உடைந்தாலும் மச்சான் வாட்ஸ்அப்பில் "எல்லாம் ஓகே" என்றுதான் போடுவார்.

2025 ஜனவரி 14

பொங்கல் வாழ்த்து. முற்றத்தில் பொங்க வேண்டும் என்று அம்மா நின்றார். கராஜ் கதவைத் திறந்து, வாசலுக்கு வெளியே அடுப்பை வைத்து, ஜக்கெட்டோடு நின்று பொங்கினோம். பால் பொங்க வழமையை விட இரண்டு மடங்கு நேரம். எந்தத் திசையில் பொங்கி வழிந்தது என்று அம்மா கேட்டார், காற்று வீசிய திசையில்.

2025 ஜனவரி 29

நேற்று ஒன்டாரியோ புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது, ஹோம் ரெனோவேஷன் சேவிங்ஸ். இன்சுலேஷன், காற்று அடைப்பு, ஜன்னல், கதவு, ஹீட் பம்ப் போன்றவற்றுக்கு 30 சதவீதம் வரை. தம்பி, உங்கள் அட்டிக்கை இதுவரை தொடாமல் வைத்திருப்பது நல்லதாய்ப் போயிற்று. முதலில் அளப்பு, பிறகு வேலை. இந்த வரியை அச்சடித்து என் நெற்றியில் ஒட்ட வேண்டும்.

என் வீட்டுக்கு இனி என்ன மிச்சம் என்று மனைவி கேட்டார். பேஸ்மென்ட் சுவர் மிச்சம். நாளைக்கே ஆடிட்டுக்குப் போன் பண்ணுகிறேன், ஒரு ஆணி அடிப்பதற்கு முதல்.

2025 பெப்ரவரி 17

இடுப்பு போய்விட்டது. ஒரே கிழமையில் அடுத்தடுத்து இரண்டு புயல், ட்ரைவ்வேயின் இரண்டு பக்கமும் மதில் போல நிற்கிறது. உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும்.

அள்ளும் பனியைப் பக்கச் சுவரில் குவிக்கிறீர்களா? ஃபேர்னஸின் இரண்டு வெள்ளைக் குழாய்கள் அங்கேதான் வெளியே வரும். அவை மூடினால் ஃபேர்னஸ் தானே நின்றுவிடும். நேற்றிரவு பதினொரு மணிக்கு எங்களுடையது நின்றது. ஆளைக் கூப்பிட்டால் அவசரக் கட்டணம் என்று பயந்துகொண்டு போனை எடுத்தேன். மூத்த மகள் ஜன்னலால் பார்த்து, "அப்பா, நீங்கள்தானே அதன் மேல் பனியைக் கொட்டினீர்கள்" என்றாள். பனி அள்ளும் சவலை எடுத்துப் போய்த் துப்புரவாக்கினேன். பத்து நிமிடத்தில் ஓடத் தொடங்கியது.

கூரை விளிம்பைப் பாருங்கள். பெரிய பனிக்கூர்கள் தொங்கினால் அழகு என்று படம் எடுக்க வேண்டாம். வீட்டுச் சூடு அட்டிக்குக்குள் கசிந்து கூரையின் மேற்பகுதிப் பனியை உருக்குகிறது, அந்தத் தண்ணீர் ஓரத்துக்கு வந்து குளிரில் திரும்ப உறைந்து அணை கட்டுகிறது. பின்னால் வரும் தண்ணீர் கூரைத் தகட்டுக்கு அடியால் ஏறி உள்ளே ஒழுகும். தெருவில் நின்று பார்த்தால் எந்த வீட்டில் இன்சுலேஷன் இல்லை என்று சொல்லிவிடலாம். நாய் நடத்தப் போகும்போது எனக்கு இப்போது அதுதான் பொழுதுபோக்கு. எங்கள் தெருவில் மூன்று வீடு.

2025 மார்ச் 8

டாக்ஸ் செய்யத் தொடங்கினேன். உங்களுக்கு: 1,500க்கு டாக்ஸ் படிவத்தில் 31270 என்ற இலக்கத்துக்கு நேரே 10,000 என்று போட வேண்டும். சொஃப்ட்வேர் தானாகக் கேட்காது, வீடு வாங்கினீர்களா என்ற கேள்வியை எங்கோ மூலையில் வைத்திருப்பார்கள். இருவரும் பிரித்துப் போட்டாலும் கூட்டுத்தொகை 10,000ஐத் தாண்டக் கூடாது. எஃப்எச்எஸ்ஏ கழிவையும் மறக்க வேண்டாம். திறக்க முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள், உங்களுக்கு மட்டும்தானா, இருவருக்குமா?

ஆர்ஆர்எஸ்பியிலிருந்து வீட்டுக்காக எடுத்த காசைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அவருக்கு எடுத்த வருடத்துக்குப் பின் இரண்டாவது வருடத்திலிருந்து திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அது பொது விதி. 2022 தொடக்கம் 2025 முடிய எடுத்தவர்களுக்கு இன்னும் மூன்று வருடம் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். நான் 2023 இல் 35,000 எடுத்தேன், அப்போது அதுதான் உச்சம். இப்போது 60,000. எனக்குத் தவணை 2028 இல் தொடங்கும், பதினைந்து வருடம், வருடத்துக்கு 2,333. போடாமல் விட்ட வருடம் அந்தத் தொகையை வருமானமாகச் சேர்த்து வரி பிடிப்பார்கள். இதைச் சலுகை என்று ஏஜென்ட்கள் சொல்வது எனக்கு விளங்குவதில்லை. என் காசை நானே எனக்குக் கடன் கொடுத்து, நானே எனக்குத் தவணை கட்டுகிறேன். சீட்டுக் கட்டினாலாவது தாச்சி வீட்டில் ஒரு தேத்தண்ணீர் கிடைத்திருக்கும்.

2025 ஏப்ரல் 27

"ரிஃபண்ட் வந்துவிட்டது, நீங்கள் சொன்னது போல ஸ்னோ எல்லாம் போன பிறகு" என்ற உங்கள் செய்தி கண்டேன். எவ்வளவு என்று கேட்க மாட்டேன், மனைவியின் கணக்கையும் சேர்த்துத் திறந்தது கேட்டுச் சந்தோஷம். ஆடிட் மே மாதத்தில் என்றால் அட்டிக் வேலைக்கு அவசரம் இல்லை, வெயில் ஏறினால் அந்த வேலைக்காரர்களும் உள்ளே நிற்க மாட்டார்கள். செப்டெம்பருக்கு இப்போதே நாள் கேட்டு வையுங்கள்.

இந்த மாதம் முதலாம் திகதியோடு காஸ் பில்லில் கார்பன் கட்டணமும் போய்விட்டது. அதனால் பில் குறைந்ததை நீங்கள் அடித்த கோல்க்கின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஒப்பிடுவதென்றால் எத்தனை கன மீற்றர் எரித்தீர்கள் என்று பாருங்கள், டொலரைப் பார்க்க வேண்டாம். நவம்பரில் நான் எழுதிய பக்கத்து வீட்டு எழுபது டொலர் கணக்கும் அப்படிச் சரியில்லை. அவர் வீட்டில் எப்போதும் 23 பாகை, எங்கள் வீட்டில் 20.

கறிவேப்பிலை இந்த முறை இலை கொட்டவில்லை. மே கடைசி வரை வெளியே வைக்க மாட்டேன், போன வருடம் அவசரப்பட்டுப் பனியில் கருகியது.

வெளித் தண்ணீர்க் குழாயை நீங்கள் தனியாகத் திறக்க வேண்டாம். ஒருவர் வெளியே நிற்கட்டும், ஒருவர் பேஸ்மென்டில் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். வின்டரில் வெடித்திருந்தாலும் தண்ணீர் விட்டால்தான் தெரியும். உள்ளே நிற்பவரின் கையில் ஒரு வாளி கொடுங்கள், கத்தினால் கேட்கும்படி ஜன்னலையும் திறந்து வையுங்கள்.